பெட்ரோல் டேப் ஒழுகுகிறது, புதுசு வரும்வரை ஓட்ட வழி உண்டா?

செம்மண்சாலை:
வணக்கம். அப்பாவுடைய பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி, தொண்ணூறுகளில் வாங்கியது. டேங்கைக் காலி செய்து சில மாதமாக மாட்டுக்கொட்டகையில் சும்மா நிறுத்தியிருந்தோம். இப்போது பெட்ரோல் ஊற்றியதும், டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் பக்கம் சொட்டுகிறது. ஆஃபில் வைத்தாலும் நிற்கவில்லை, ரிசர்வில் வைத்தால் இன்னும் கொஞ்சம் வேகமாக விழுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் தரையில் ஈரம், கொட்டகை முழுக்க வாடை.

ஒட்டன்சத்திரத்தில் கேட்டுப் பார்த்தேன். இந்த மாடலுக்கு டேப் கையிருப்பில் இல்லை, மதுரையிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். தோட்டத்துக்குப் போய்வர வேறு வண்டி கிடையாது. ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் செட், எம்-சீல், பிளம்பர் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப், இவ்வளவுதான் கையில் இருக்கிறது. எம்-சீலை வெளியே அப்பிவிட்டால் ஒரு வாரம் தாங்குமா?

பத்துப்பன்னிரண்டு ஸ்பேனர்:
தம்பி, முதலில் வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவி மூலையில் தேங்கி நிற்கும். பக்கத்தில் வைக்கோல் வேறு இருக்கும். அடுப்பு, சாமி விளக்கு, பீடி எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். டேங்கில் இருப்பதை ஓஸ் வழியாக ஒரு தகர டப்பாவில் இறக்கி மூடி வையுங்கள். வாயால் உறிஞ்சி எடுக்கிற வேலையே வேண்டாம்.

அப்புறம், "டேப் பக்கம்" என்றால் எந்த இடம்? அங்கே ஒழுக நான்கு இடம் இருக்கிறது. டேங்கும் டேப்பும் சேரும் இடம், லீவர் சுற்றுவட்டம், ஓஸ் மாட்டும் மூக்கு, கடைசியாகக் கார்பரேட்டர் ஓவர்ஃப்ளோ குழாய். பெட்ரோல் உலோகத்தின் மேல் வழிந்து வேறு இடத்தில் வந்துதான் சொட்டும், அதனால் சொட்டுகிற இடத்தை நம்ப வேண்டாம். துணியால் எல்லாவற்றையும் காயத் துடைத்துவிட்டு முகத்துக்குப் போடும் பவுடரை டேப் மேலே லேசாகத் தூவுங்கள். முதலில் எந்த இடத்தில் பவுடர் நனைந்து கறுக்கிறதோ அதுதான் இடம்.

எம்-சீல் பெட்ரோல் ஈரத்தின் மேல் ஒட்டாது. காய்ந்த இடத்தில் ஒட்டி இறுகினால் நன்றாகத் தாங்கும், ஆனால் லீவர் மேல் அப்பினால் லீவரைத் திருப்ப முடியாது. அப்புறம் டேப்புக்கு டேப் என்று பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

கொங்குக்காரன்:
இதுக்கு எதுக்கு இவ்வளவு? சிலிகான் பேஸ்ட் ஒரு ட்யூப் வாங்கி உள்ளே தடவி மாட்டினால் முடிந்தது. வாஷர் போயிருந்தால் பழைய சைக்கிள் ட்யூபில் வட்டமாக வெட்டிப் போடலாம். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

டூ ஸ்ட்ரோக் புகை:
சைக்கிள் ட்யூப் வேண்டவே வேண்டாம். பெட்ரோலில் ஒரே ராத்திரியில் ஊறி உப்பிவிடும், லீவரைத் திருப்பும்போது கிழிந்து துகள் கார்பரேட்டர் ஜெட்டில், அதாவது பெட்ரோல் போகும் சின்னத் துளையில், போய் உட்காரும். சாதாரண சிலிகான் பேஸ்டும் பெட்ரோல் பட்டால் ஊறித் தளர்ந்து நூல் நூலாக உரியும். சந்தேகம் இருந்தால் இரண்டையும் ஒரு துண்டு வெட்டி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் ஊற்றிப் போட்டு, காலையில் பழைய அளவோடு வைத்துப் பாருங்கள். எந்த ரப்பரைப் போடுவதாக இருந்தாலும் இந்தச் சோதனை நல்லது.

செம்மண்சாலை:
பவுடர் போட்டுப் பார்த்தேன் அண்ணா. டேங்க் சேருமிடம் காய்ந்தே இருக்கிறது. லீவரைச் சுற்றித்தான் முதலில் நனைகிறது. ஓஸைக் கழற்றிப் பார்த்தால், ஆஃபில் இருக்கும்போதும் மூக்கு வழியாக மெதுவாகச் சொட்டு வருகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

பத்துப்பன்னிரண்டு ஸ்பேனர்:
ஒரே கோளாறுதான். லீவருக்கு முன்னால் ஒரு தகடு, அதில் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கழற்றினால் தகடு, அதற்கு அடியில் நெளிநெளியாக ஒரு ஸ்பிரிங் வாஷர், லீவர், கடைசியில் துளைகள் போட்ட தட்டையான ரப்பர் வரும். ஒரு துளை மெயின், ஒன்று ரிசர்வ், ஒன்று கார்பரேட்டருக்குப் போவது. லீவரின் பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறதே, அது எந்த இரண்டு துளையை இணைக்கிறதோ அந்த வழியாகப் பெட்ரோல் போகும். ஆஃபில் எதையும் இணைக்காது. இந்த மொத்த வேலையும் ரப்பரின் மேல் லீவர் அழுந்தி நிற்பதை நம்பித்தான். ரப்பர் சுருங்கினாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ துளைக்குத் துளை கசியும், வெளியேயும் கசியும்.

உங்கள் வண்டி காய்ந்து கிடந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். பல வருடம் பெட்ரோலில் ஊறிய ரப்பர், டேங்க் காலியானதும் சுருங்கி இறுகிவிடும். சில சமயம் மறுபடி பெட்ரோலில் ஒரு நாள் ஊறினால் தானாகவே பழைய அளவுக்கு வந்து ஒழுகல் நின்றும்விடும். உங்களுக்கு நிற்கவில்லை, அதனால் பிரித்துவிடுங்கள். பிரிக்கும் முன் எது எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு போட்டோ.

பிரித்ததும் ரப்பரை வெளிச்சத்தில் பாருங்கள். லீவர் பக்கம் வட்டமாகத் தடம் விழுந்திருக்கும். பின்பக்கம் புதுசு மாதிரி இருக்கும். துளைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைந்திருந்தால் திருப்பிப் போடுங்கள், காசில்லாத ரிப்பேர். ரப்பரில் பொட்டு போன்ற குமிழ் இருந்து அது பாடியில் உட்காருகிற மாதிரி என்றால் திருப்ப முடியாது.

நெல்லை லேத்:
ஸ்பிரிங் வாஷரையும் கவனியுங்கள். தட்டையாகிப் போயிருந்தால் கட்டிங் பிளேயரால் அலையைக் கொஞ்சம் தூக்கிவிடலாம். அது போதவில்லை என்றால், குளிர்பான அலுமினிய டின்னைக் கத்தரித்து அதே வட்டத்தில் ஒரு வளையம் செய்து, ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே வையுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். அழுத்தம் கூடினால் லீவர் கல் மாதிரி இறுகி, ரப்பரை இழுத்துக் கிழித்துவிடும். ஓரப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மாட்டும்போது ரப்பர் முகத்தில் ஒரு சொட்டு 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் தடவுங்கள்.

தகட்டில் ஸ்க்ரூ இல்லாமல் ரிவெட் அடித்த டேப்பும் உண்டு. அதைப் பிரிக்க ரிவெட்டைத் துளைத்து எடுத்து மரை போட வேண்டும். அது லேத் பட்டறை வேலை, வீட்டில் இறங்க வேண்டாம்.

செம்மண்சாலை:
ஸ்க்ரூதான். பிரித்தேன், ரப்பரைத் திருப்பினேன், ஸ்பிரிங்கை லேசாகத் தூக்கினேன். லீவரைச் சுற்றி இப்போது சுத்தமாகக் காய்ந்திருக்கிறது! ஆனால் ஆஃபில் ஓஸ் மூக்கு வழியாக மட்டும் இன்னும் எப்போதாவது ஒரு சொட்டு வருகிறது. லீவரின் பின்பக்கத்தில் நகம் பட்டால் தெரிகிற அளவுக்கு ஒரு கீறல் இருக்கிறது, பள்ளத்தின் ஓரத்திலிருந்து நேராக ஓடுகிறது.

நெல்லை லேத்:
அந்தக் கீறல்தான் வாய்க்கால். டேங்கிலிருந்து வந்த துரு மாட்டி அறுத்திருக்கும். ஒரு கண்ணாடித் துண்டை, ஜன்னல் கண்ணாடி போதும், மேசையில் வையுங்கள். மேலே 600 நம்பர் தண்ணி உப்புத்தாளை விரித்து, சில சொட்டு மண்ணெண்ணெய் அல்லது ஆயில் விட்டு, லீவர் முகத்தை எட்டு போடுகிற மாதிரி தேயுங்கள். ஒரே பக்கம் அழுத்தக் கூடாது. கீறல் மறைந்ததும் 1000 நம்பரில் முடித்துவிடுங்கள். முகத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவிட்டு ஆரம்பித்தால், எல்லாக் கோடும் சமமாக அழிகிறதா என்பதிலேயே மட்டம் தெரியும். தேய்த்த தூள் பள்ளத்தில் நிற்காமல் நன்றாகக் கழுவுங்கள்.

கொங்குக்காரன்:
சரி, ரப்பர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு தேய்ப்பதற்குப் பதில் ஓஸ் நடுவே ஒரு சின்ன டேப் போட்டால் என்ன? ஆஸ்பத்திரி டிரிப்ஸ் குழாயும் அதன் உருளை அடைப்பானும் இருக்கிறதே.

டூ ஸ்ட்ரோக் புகை:
நடுவே டேப் போடுவது நல்ல யோசனை, குழாய்தான் தப்பு. டிரிப்ஸ் குழாய், மீன்தொட்டிக் குழாய் இரண்டும் பெட்ரோலில் கொஞ்ச நாளிலேயே குச்சி மாதிரி விறைத்து மூக்கிலிருந்து நழுவிவிடும், சூடான சிலிண்டருக்கு நேர் மேலே. சொட்டுநீர்ப் பாசன டேப்பும் பெட்ரோலுக்கு ஆகாது. பவர் ஸ்பிரேயர், களைவெட்டி மெஷின்களுக்கு வருகிற பெட்ரோல் டேப் விவசாயக் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும். பெட்ரோல் ஓஸ், இரண்டு பக்கமும் கிளிப், இப்படி மாட்டினால் போதும். லீவர் பக்க ஒழுகல் நின்றுவிட்டதால் இது இவருக்குச் சரிவரும். வெளியே ஒழுகினால் இது உதவாது.

ஆஃபில் சொட்டுவதை அலட்சியமாக விடவும் கூடாது. கார்பரேட்டர் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற ஊசியும் தேய்ந்திருந்தால் ராத்திரியெல்லாம் இறங்குகிற பெட்ரோல் டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் போய் நிற்கும், காலையில் கிக்கர் கனக்கும், பிளக் நனைந்திருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எஞ்சின் ஆயிலோடு கலந்து ஆயிலை நீர்க்க வைத்துவிடும்.

செம்மண்சாலை:
தேய்த்து மாட்டிவிட்டேன். ராத்திரி ஆஃபில் வைத்து ஓஸ் மூக்குக்கு அடியில் நியூஸ்பேப்பர் போட்டுப் பார்த்தேன், பேப்பரில் கறை இல்லை. வண்டி வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. இனிப் புது டேப் வாங்கத்தான் வேண்டுமா? இப்போது வருகிற எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பர் தாங்காது என்று பங்கில் ஒருவர் சொன்னார்.

பத்துப்பன்னிரண்டு ஸ்பேனர்:
அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023-இல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. உங்கள் வண்டி ரப்பர் அதற்கு ரொம்ப முன்னால் செய்தது. சில பழைய ரப்பர் அதில் அதிகம் உப்பும், சிலது இளகும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும் என்பதால் டேங்க் அடியில் துரு கூடும், அந்தத் துருதான் மறுபடி லீவரைக் கீறும். அதனால் டேப் வரட்டும், கடையில் வரவழைக்கச் சொன்னதை ரத்து செய்ய வேண்டாம். கடையில் ரப்பர் மட்டும் தனியாக ரிப்பேர் கிட்டாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் பெட்ரோல் தாங்கும் நைட்ரில் ரப்பர் ஷீட் வாங்கி, பழைய ரப்பரை அச்சாக வைத்து, அதே தடிமனில் வெட்டலாம். துளை போட வாஷர் பஞ்ச் இல்லாவிட்டால் பழைய ரேடியோ ஏரியல் குழாயின் நுனியைத் தீட்டி மரக்கட்டை மேல் வைத்துத் தட்டினால் வட்டமாக விழும்.

புது டேப்பை மாட்டும் அன்று, டேங்குக்குள் நிற்கிற இரண்டு குழாயில் வலை கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். உயரமானது மெயின், குட்டையானது ரிசர்வ். டேங்கோடு சேரும் ஓ-ரிங்கைப் புதுசாகப் போடுங்கள், அங்கே டெஃப்லான் டேப் வேண்டாம். அந்த இடம் மரையால் அடைவதில்லை, ஓ-ரிங் அழுந்தித்தான் அடைகிறது. பிய்ந்த நூல் உள்ளே போனால் அதுவும் ஜெட்டைத்தான் தேடிப் போகும்.