புதுப்பிப்பு: தமிழ்நாட்டு ஊழியருக்குச் சபையிலிருந்து பணம் அனுப்பியது

தேனிப் பக்கம் புதுச் சபை தொடங்கும் தம்பிக்கு, சிங்கப்பூரிலுள்ள எங்கள் சின்னச் சபை மாதாமாதம் பணம் அனுப்ப வழி கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

சிங்கப்பூரின் பேநவையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்துக் கைபேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ்-யுபிஐ வழி சரிப்படவில்லை. 2023 பிப்ரவரியில் வந்த அந்த இணைப்பு தனிநபர்களுக்குத்தான். சபைக் காணிக்கையை யாரோ ஒருவர் பெயரில் அனுப்ப எனக்கும் மனசில்லை.

‘எஃப்சிஆர்ஏ பதிவுள்ள அமைப்பு வழியாக அனுப்புங்கள்’ என்ற யோசனைதான் பலித்தது. எஃப்சிஆர்ஏ என்பது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை ஒழுங்குபடுத்தும் இந்தியச் சட்டம். தம்பி வேலை செய்யும் மிஷன் சங்கத்துக்கே அந்தப் பதிவு இருந்தது. அங்கிருந்து அவருக்குச் சம்பளமாகப் போகிறது. வேறு சங்கம் வாங்கி இவர்களுக்குக் கைமாற்ற அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் விடாது.

எதிர்பாராதது: அவர்கள் தந்தது டெல்லிக் கணக்கு! மோசடியோ என்று பொருளாளர் அக்கா பயந்தே போனார். அப்புறம்தான் தெரிந்தது, வெளிநாட்டு நன்கொடை முதலில் ஸ்டேட் பாங்க் புதுடெல்லி முதன்மைக் கிளைக்குத்தான் வரவேண்டும். முதல் தவணை சேர்ந்துவிட்டது.