விராலுக்குத் தவளை: தவறவிட்ட மீன்களும் பிறகு பிடித்ததும்

மண்புழுவும் மைதா உருண்டையும் வைத்துக் கெண்டையும் ஜிலேபியும் பிடித்துப் பழகிய நான், லூர் எனப்படும் பொய் இரைக்கு மாறியபோது முதலில் செய்த தவறு, முப்பது லூர்கள் அடங்கிய பெட்டி ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியதுதான். வயிற்றிலும் வாலிலும் மும்முள் (மூன்று முனையுள்ள தூண்டில் முள்) தொங்கும் அந்தச் சின்ன மீன் பொம்மைகள் பெட்டிக்குள் பார்க்க அழகாகவே இருந்தன. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் முதல் நாள் காலையிலேயே இரண்டைக் கருவேலந்தூரும் இரண்டைத் தாமரைத் தண்டும் வாங்கிக்கொண்டன. ஐந்தாவதை உண்மையிலேயே ஒரு மீன் கவ்வியது. ஆனால் கரைக்கு வந்து சேர்ந்தது முள் நிமிர்ந்துபோன லூர் மட்டும்தான்.

கொடியும் பாசியும் அடர்ந்த கண்மாயில் விராலைத் தேடுபவர் முதலில் வாங்க வேண்டியது உள்ளே காற்றுள்ள ரப்பர் தவளை ஒன்றுதான் என்பது என் கருத்து. அதன் இரண்டு முள்களும் முதுகை ஒட்டி மேல்நோக்கிப் படிந்திருப்பதால் தாமரை இலைமேல் இழுத்தாலும் சிக்குவதில்லை. மீன் கவ்வி உடலை அமுக்கும்போதுதான் முனைகள் வெளிப்படும். விரால் மூச்சுவிட அவ்வப்போது மேலே வரும் மீன் என்பதால், குமிழி தெரிந்த இடத்தைச் சற்றுத் தாண்டி வீசி, அந்த இடத்தின் வழியாகத் தவளையை மெல்லத் தத்தவிட்டு, இலைகளுக்கு இடையே நீர் தெரியும் சந்தில் சில நொடிகள் அசையாமல் நிறுத்துவேன். மீன் பாய்ந்து கவ்வும் அடிகளில் பெரும்பாலானவை அந்த நிறுத்தத்தில்தான் விழுகின்றன.

இருந்தும் முதல் மூன்று விரால்களையும் நான் தவறவிட்டேன். தண்ணீர் வெடித்தாற்போல் சத்தம் கேட்டதும் பதறிப்போய்க் கம்பை இழுப்பேன். தவளை என் முகத்தை நோக்கிப் பறந்து வரும். பக்கத்து மடையருகே உயிர்த்தவளை கோத்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “தம்பி, சத்தத்தக் கேட்டு இழுக்காதப்பா. நரம்பு ஓடட்டும், அப்புறம் சுண்டு” என்றார். நரம்பு என்றது தூண்டில் கயிற்றை. நான்காவது அடி விழுந்தபோது மனத்துக்குள் இரண்டு எண்ணினேன். தவளை கண்ணில் படவில்லை. தளர்ந்து கிடந்த நரம்பு பக்கவாட்டில் நகர்ந்து இறுகியது. அப்போது ஓங்கிச் சுண்டி, தலையைக் கொடிக்குள் நுழையவிடாமல் விடாது சுற்றினேன். ஒன்றரைக் கிலோ இருந்தது.

தவளையின் வயிற்றுக்குள் முள் நுழையும் துளை வழியே தண்ணீர் ஏறும் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து வீச்சுகளுக்கு ஒருமுறை பிழிந்துவிடாவிட்டால் பின்புறம் தாழ்ந்து கனத்துப்போகும். கால்களாகத் தொங்கும் ரப்பர் இழைகளில் ஒரு பக்கத்தை அரை அங்குலம் வெட்டிவிட்டால் நேராக வராமல் இடமும் வலமும் திரும்பி வருகிறது. கம்பின் கைப்பிடிக்கு மேல் அச்சிட்டிருக்கும் கிராம் அளவுக்குள் லூரின் எடை இருக்க வேண்டும். நான் ஏழு அடிக் கம்பு, 12 கிராம் தவளை, 40 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு வைத்திருக்கிறேன். நிறத்தைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. வீசுவதற்கு முன் மீன்பாசி (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கேட்காமல் போய் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பெட்டியில் மிஞ்சிய மீன் பொம்மைகளுக்கு சென்னைக்கு அருகே முட்டுக்காட்டு உப்பங்கழியில்தான் வேலை கிடைத்தது, அதுவும் முள்களை மாற்றிய பிறகு. வாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு நீண்டு படுத்திருந்தால் லூர் ஆழத்துக்குப் போகும். குட்டையாக, செங்குத்தாக இருந்தால் மேல்மட்டத்திலேயே நீந்தும். அங்கே கிடைக்கும் கொடுவா மீனின் செவுள் மூடி கத்திபோல் இருப்பதால், பின்னல் நரம்பின் நுனியில் தடித்த தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நரம்பு) இரண்டடி கட்டாமல் அங்கே வீசக் கூடாது. ஒரு லூரைப் பறிகொடுத்தே இதைக் கற்றேன்.

சென்ற மழைக்குப் பின் ஒரு நாள் கண்மாயின் ஓரத்தில் நீர்மட்டத்தில் செம்மண் நிறத்தில் ஒரு திட்டு கொப்பளித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். கீழே தாய், தகப்பன் காவல் நிற்கும்; அதன்மேல் எதை வீசினாலும் கோபத்தில் அடிக்கும், பிடிப்பதும் எளிது, ஆனால் பெரியதைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளைத் தின்றுவிடும். தவளையைக் கழற்றிக்கொண்டு மறுகரைக்குப் போனேன். பொழுது சாயும்வரை வீசியும் அன்று ஒன்றும் விழவில்லை.