நாலு கோடு சிக்னல் காட்டுது, சாயங்காலம் ஆனா நெட் ஓடமாட்டேங்குது (அஞ்செட்டி பக்கம்)

ராகிக்களி:
கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டியிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி எங்கள் ஊர். மூணு வருஷம் முன்னால் வரை போன் பேசவே மேட்டுப் பாறைக்கு ஏறணும். இப்போது ஊருக்கே டவர் வந்துவிட்டது, திண்ணையில் உட்கார்ந்தாலே 4ஜி நாலு கோடும் நிற்கிறது. ஆனால் சாயங்காலம் ஆறரை ஆனால் ஒன்றும் ஓடாது. தங்கச்சி பாலிடெக்னிக் படிக்கிறாள், 3 எம்பி பிடிஎஃப் ஒன்றை அனுப்பப் போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் நடுராத்திரி எழுந்து அனுப்புகிறாள். விடிகாலை நாலு மணிக்கு நெட் வேகம் 30 எம்பிபிஎஸ் வருகிறது, சாயங்காலம் 1 கூட இல்லை. சிம்மை மாற்றணுமா, போனை மாற்றணுமா? இல்லை மாடியில் டப்பா மாட்டுகிறார்களே, அந்த ஏர்ஃபைபர் போடலாமா? கம்பெனி பேர் வேண்டாம், புகார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.

பழைய டவர்காரன், தர்மபுரி:
விடிகாலையில் 30 வருகிறதென்றால் போன், சிம் ரெண்டிலும் குறையில்லை தம்பி. நாலு கோடு காட்டுவது உன் போனுக்கும் டவருக்கும் நடுவில் இருப்பதை மட்டும்தான், டவரிலிருந்து வெளியே போகிற வழி எப்படி என்று அதில் தெரியாது. பகலில் டவர் அடியில் நின்று அண்ணாந்து பார். நீளப் பலகை மாதிரி இருப்பதெல்லாம் போனோடு பேசுகிற ஆன்டெனா. மத்தளம் மாதிரி வட்டமாக வெள்ளையாக ஒன்று இருந்தால், பெரும்பாலும் அந்த டவருக்கு ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) வரவில்லை, பக்கத்து டவரிலிருந்து கம்பியில்லாமல் மைக்ரோவேவ் அலையில் வாங்கி ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கத்து டவரும் இன்னொன்றிடம் வாங்கலாம். சாயங்காலம் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் வீடியோ போட்டால் அந்தச் சின்ன வழி தாங்காது. மத்தளமே இல்லை என்றால் டவரில் ஆள் கூடிவிட்டார்கள், அவ்வளவுதான். உங்கள் பக்கம் ஃபைபர் இழுப்பதும் லேசில்லை, வழியெல்லாம் பாறை, காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு முழம் தோண்ட முடியாது.

நீ சொல்கிற ஏர்ஃபைபர் பெரும்பாலும் 5ஜியில் ஓடுவது. 5ஜி நாட்டில் 2022 அக்டோபரில் வந்தது, அதில் ஓடுகிற ஏர்ஃபைபர் 2023ல். உங்கள் டவரில் 5ஜி இருக்கிறதா என்று முதலில் கேள், இருந்தாலும் அதே வழியில்தான் நெட் வரணும். காசைக் கொட்டுவதற்கு முன்னால் யோசி.

ரோஜாத்தோட்டம், தளி:
எங்களுக்கு வேற கூத்து. கொல்லைப்பக்கம் போனால் போன் கர்நாடகா டவருக்குத் தாவி, வரவேற்று மெசேஜ் வரும். மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டுத் திரும்பினால் மறுபடி தமிழ்நாடு. ரோமிங் காசு இல்லை, ஆனால் பேச்சு அறுந்துபோகும். நெட்வொர்க்கைத் தானாகத் தேடுவதை நிறுத்தி நாமே தேர்ந்தெடுத்து வைத்த பிறகு பரவாயில்லை.

இன்னொன்று. ரெண்டாவது சிம் பார்ப்பதாக இருந்தால் போனில் எந்தெந்த பேண்டு (அலைவரிசை) இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது, அது மரம், சுவர் தாண்டி தூரம் போகும், ஆனால் போனில் பேண்டு 28 இருக்கணும். என் பழைய போனில் இல்லை. சிம்மைத் திட்டோ திட்டென்று திட்டி, கடைசியில் மாமா போனில் போட்டால் உடனே பிடிக்கிறது.

மாங்காய் மண்டி:
ஊராட்சி அலுவலகத்தில் கேட்டீங்களா? ஊராட்சிகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிற மத்திய அரசின் பாரத்நெட்டில், டான்ஃபிநெட் என்கிற தமிழ்நாடு அரசு நிறுவனம் மூலமாக தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிக்கும் ஃபைபர் கொண்டுபோவதுதான் திட்டம். உங்கள் ஊரில் வந்து ஓடுகிறதென்றால் டவரை நம்பவே வேண்டாம், அங்கிருந்து வீட்டுக்கு இழுக்க வழி உண்டா என்று விசாரியுங்கள். அதுவரைக்கும் தங்கச்சியை கலரில் ஸ்கேன் பண்ணாமல் கறுப்பு வெள்ளையில் பண்ணச் சொல்லுங்கள், பாதிக்கு மேல் குறையும்.

ராகிக்களி:
நன்றிங்கண்ணா எல்லாருக்கும். டவரில் மத்தளம் ஒன்றில்லை, ரெண்டு இருக்கிறது! ஒன்று அடுத்த ஊருக்குக் கொடுக்கிறது போல. கறுப்பு வெள்ளையில் 400 கேபி ஆனது, ஏழு மணிக்கே போய்விட்டது. ஊராட்சி அலுவலகத்தில் ஃபைபர் பெட்டி மாட்டியிருக்கிறார்கள், ஆனால் லைட் எதுவும் எரியக் காணோம். பிளக்கைப் பார்த்தால் அதில் யாரோ போன் சார்ஜ் போட்டிருந்தார்கள். கிளார்க் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.