கண்ணாடி மணி செய்கிறவர்களே, உங்களால் மறக்க முடியாத ஆள் யார்?

டார்ச் (கண்ணாடியை உருக்கும் கேஸ் சுடர்) முன்னால் உட்கார்ந்து மணி, பதக்கம், தோடு என்று செய்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. எந்தக் கண்ணாடி நல்லது, எந்த டார்ச் நல்லது என்று நிறையப் பேசியாகிவிட்டது. இந்த வேலையால் உங்கள் எதிரே வந்து நின்றவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். வாங்க வந்தவர், வேடிக்கை பார்த்தவர், கற்றுக்கொள்ள வந்தவர், யாராக இருந்தாலும் சரி.

நானே தொடங்குகிறேன்; அடுத்து வருகிறவர்கள் கீழே * * * போட்டு அவரவர் கதையை எழுதுங்கள். ஒரு கைவினைக் கண்காட்சியில் என் மேசைக்கு ஓர் அம்மா வந்தார். எல்லாரும் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். இவர் மணியை எடுத்ததும் ஓட்டை வாயில் சுண்டுவிரல் நுனியை வைத்துச் சுற்றினார். அடுத்த மணி, அதற்கடுத்த மணி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் தட்டிலேயே மங்கலான, யாரும் தொடாத பழுப்பு மணிகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "நான் மாலை கோக்கிறவள். கூர்மையான வாய் இருந்தால் நூலை அறுத்துவிடும். இதுக்கு வாய் உள்ளே குழிஞ்சிருக்கு பாருங்க" என்றார்.

நம் வேலையின் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது. உருகிய கண்ணாடி தன்னால் உருண்டைக்குத்தான் போகும். கண்ணாடியைச் சுற்றுகிற கம்பியில் அது பிடித்திருக்கும் அகலத்துக்குப் போதுமான கண்ணாடி இருந்தால், இரண்டு முனையும் தானே உள்வாங்கிக் குழியும். அகலமாகச் சுற்றிவிட்டுக் கண்ணாடியில் கஞ்சத்தனம் பண்ணினால் முனை மெலிந்து பிளேடு மாதிரி நிற்கும். அதைப் பின்னால் அரம் போட்டுச் சரிசெய்யலாம். சுடரிலேயே வருகிற வாயின் வழவழப்பு அதில் வராது.

* * *

என்னால் மறக்க முடியாதவர் ஒரு வெல்டர். வாழ்நாள் முழுக்க கேஸ் வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவர். நண்பருடன் சும்மா வந்தார். மற்றவர்கள் உள்ளே வந்ததும் சுடரைப் பார்ப்பார்கள். இவர் தரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வெளியே போகுது, சரி. உள்ளே காத்து எந்தப் பக்கம் வருது?"

அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. கதவை இறுக்கச் சாத்திவிட்டு எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் அது சும்மாதான் சுற்றும். போகிற காற்றுக்கு ஈடாக இன்னொரு பக்கம் வர வழி வேண்டும், அதுவும் நம் முதுகுப் பக்கமிருந்து வந்து சுடரைத் தாண்டிப் போகவேண்டும். நம் மூக்கைத் தாண்டிப் போனால் பயனில்லை. என் அறையில் எதிர்ச்சுவரில் ஜன்னல் திறந்திருந்ததைக் காட்டினேன். தலையை ஆட்டினார். தரையைப் பார்த்த காரணமும் சொன்னார்: ப்ரொப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். பள்ளமான இடத்தில், அடித்தள அறையில் சிலிண்டர் வைக்காதே என்பதும் அதனால்தான்.

அப்புறம் டார்ச்சைப் பற்றவைத்தேன். முதலில் ப்ரொப்பேன், அடுத்து ஆக்சிஜன். அணைக்கும்போது முதலில் ஆக்சிஜன், கடைசியில் ப்ரொப்பேன். வரிசையைப் பார்த்துத் திருப்தி. கண்ணாடிக் குச்சி சூடானதும் ஆரஞ்சு நிறத்தில் பெரிய தீக்கொழுந்து எழுந்தது. "இது ஏன் இப்படி எரியுது?" கண்ணாடியில் இருக்கிற சோடியம், 589 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகிற மஞ்சள் என்றேன். அந்த மஞ்சளை வடிகட்டுகிற என் டிடிமியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டார். ஒரு நிமிடம் பேச்சில்லை. கழற்றினார், மறுபடி போட்டார். மஞ்சள் மொத்தமும் காணாமல் போய், நடுவே மெதுவாகச் சுழலும் கண்ணாடி உருண்டை மட்டும் தெளிவாகத் தெரியும், பார்த்தவர்களுக்குத் தெரியும். "இத்தனை வருஷம் கறுப்புக் கண்ணாடிக்குள்ளேயே இருந்துட்டேன்" என்றார்.

ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்கிற புதியவர்களுக்கு. டிடிமியம் சாதாரண மென்கண்ணாடிக்குத்தான். இன்னும் அதிகச் சூட்டில் உருகும் போரோசிலிக்கேட் (போரோ) கண்ணாடியில் செய்கிறவர்களுக்கு அது மட்டும் போதாது. அந்தச் சூட்டில் வருகிற ஒளிக்கும் அகச்சிவப்புக் கதிருக்கும் வெல்டிங் ஷேடு (கருமையான வடிகட்டி) சேர்ந்த மூக்குக்கண்ணாடி வேண்டும்.

* * *

எனக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான்: "இது பிளாஸ்டிக்கா?" கன்னத்தில் வைத்துப் பாருங்கள் என்பேன். கண்ணாடி ஜில்லென்று இருக்கும், கனமும் காட்டிக்கொடுக்கும். ஒருவர் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல பிளாஸ்டிக்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

* * *

வெல்டரைப் போல ஒரு வேதியியல் ஆசிரியர் எனக்குக் கிடைத்தார். தந்த நிறக் கண்ணாடி மேல் டர்க்காய்ஸ் (பச்சைநீலம்) புள்ளி வைத்தால் புள்ளியைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழும் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு மை போட்டு வரைந்தீர்களா என்றார். இல்லை, தானாக வருவது என்றேன். டர்க்காய்ஸில் தாமிரம் இருக்கும், தந்த நிறத்தில் கந்தகம் இருக்கவேண்டும் என்று அங்கேயே ஊகித்துவிட்டார். தாமிர சல்ஃபைடு கறுப்பு. அந்த ஒரு மணியை மாணவர்களுக்குக் காட்ட என்று வாங்கிப் போனார். நகையாக யாரும் அதை வாங்கியிருக்கமாட்டார்கள், அப்படி ஒரு கோணல் மணி.

* * *

என் கதை கொஞ்சம் நீளம். ஒரு பெண் சின்ன டப்பாவோடு வந்தார். உள்ளே வேறு யாரோ செய்த கண்ணாடிப் பதக்கம், சரிபாதியாகப் பிளந்திருந்தது. கூடவே அதே ஆளிடம் வாங்கிய இரண்டு தோடுகள், முழுசாக இருந்தன. "நான் கீழே போடவே இல்லை. பெட்டியில் வைத்தது வைத்தபடி இருந்தது. திறந்தால் இப்படி. வீட்டில் யாரும் நம்பவில்லை" என்றார். குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம்.

நான் நம்பினேன். என்னிடம் இரண்டு போலரைசிங் ஃபிலிம் துண்டுகள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக வைத்தால் நடுவே இருட்டாகும். பின்னால் விளக்கைப் போட்டு, தோட்டை இடையில் வைத்தேன். தெளிந்த கண்ணாடி, அதனால் நன்றாகத் தெரிந்தது: ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக ஒளி. கண்ணாடிக்குள் இழுவிசை அடைபட்டிருந்தால்தான் அப்படி ஒளிரும். ஆறிய கண்ணாடியில் வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சுடரிலிருந்து எடுத்த மணியின் வெளிப்புறம் முதலில் ஆறி இறுகிவிடும், உள்ளே இன்னும் சூடு இருக்கும். பிறகு உள்ளே ஆறிச் சுருங்கப் பார்க்கும், வெளியே விடாது. அந்த இழுபறியோடேயே மணி உறைந்துவிடும். அதைத் தளர்த்தத்தான் கில்ன் என்கிற சூளை; அதில் சூட்டில் நிறுத்தி மெதுவாக ஆறவிடுவதுதான் அனீலிங். இத்தாலியின் முரானோவிலிருந்து வருகிற 104 எண் கண்ணாடி (சூட்டில் எவ்வளவு விரியும் என்று காட்டும் எண்) என்றால் ஏறக்குறைய 510 முதல் 520 டிகிரி செல்சியஸில் நிறுத்தி வைத்து, பிறகு மெல்ல மெல்ல இறக்கவேண்டும். போரோ என்றால் 565 பக்கம். வெர்மிகுலைட் என்கிற சூடு தாங்கும் தாதுத் துகளில் புதைத்து வைப்பதை அனீலிங் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். அது விரிசல் விடாமல் அறைச் சூட்டுக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். பிறகு கில்னில் வைத்து முறையாக அனீல் செய்தால் சரி, செய்யாமலே விற்றால் இந்தப் பெண்ணின் பெட்டியில் நடந்தது நடக்கும். வாங்குகிறவர் கேட்கவேண்டிய ஒரே கேள்வி "கில்னில் வைத்தீர்களா?" என்பது. விற்கிறவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு சாத்தியமும் உண்டு. 104 எண்ணையும் 90 எண்ணையும் ஒன்றாக உருக்கினால், இரண்டும் சுருங்குகிற அளவு வேறு. எத்தனை மணி நேரம் கில்னில் வைத்தாலும் அந்தச் சண்டை தீராது. அப்போது விரிசல் பெரும்பாலும் இரண்டு நிறமும் சேரும் ஓரத்தையொட்டியே போகும். இவருடையது நிறத்தைக் கவனிக்காமல் நேராக ஓட்டை வழியே பிளந்திருந்தது.

ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். பசை போட்டால் கோடு தெரியும், மறுபடி சுடரில் காட்டினால் சிதறும். முடியாது என்றேன். அவருக்கு அதைவிட முக்கியமாக இருந்தது வேறு: ஃபிலிமுக்கு நடுவே தோடு ஒளிர்வதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார், வீட்டில் காட்ட. தோடுகளை என்னிடமே விட்டுப் போனார். கில்னில் அறைச் சூட்டிலிருந்து மெதுவாக ஏற்றி அனீல் செய்து கொடுத்தேன். ஃபிலிமில் மறுபடி பார்த்தபோது முழு இருட்டு.

* * *

சாம்பலோடு யாராவது வந்திருக்கிறார்களா? எனக்கு ஒரு பெரியவர் வந்தார், தன் நாயின் சாம்பலோடு. மணிக்குள் வைத்துத் தரவேண்டும். செய்வதைப் பார்க்கலாமா என்றார், டிடிமியம் கொடுத்து உட்கார வைத்தேன். கருநீலத்தில் உருண்டை, அதன் மேல் சலித்த சாம்பல் ஒரு சிட்டிகை, மேலே தெளிந்த கண்ணாடி. சாம்பல் கண்ணாடியில் கரையாது, வெள்ளைத் துகள்களாக நிற்கும், சுற்றிக் குட்டிக் குமிழ்கள் வரும். குமிழைப் பார்த்ததும் "மூச்சு விடுறான்" என்றார். முடிந்ததும் கையை நீட்டினார், கொடு என்று! ஐந்நூறு டிகிரியில் இருக்கும் மணியும் பார்க்க ஆறிய மணி மாதிரிதான் இருக்கும். கில்னுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். இன்றைக்கே தரமுடியாதா என்று கேட்டார், கொஞ்சம் கோபமும் வந்தது. நாளைக்குத்தான் என்றேன். மறுநாள் கதவு திறப்பதற்கு முன்பே வந்து நின்றார்.

* * *

நான் அந்த வேலையை எடுப்பதில்லை. உடைந்தால் வேறு மணி செய்து கொடுத்துவிடலாம் என்று சொல்ல முடியாத வேலை அது, எனக்கு அந்த நெஞ்சழுத்தம் இல்லை. எடுக்கிறவர்களிடம் ஒரு கேள்வி: சாம்பல் எவ்வளவு போடுகிறீர்கள்? தெளிந்த கண்ணாடி மேலே ஒட்டாமல் குமிழாகப் பொங்குகிறது என்று ஒரு தோழி கேட்கச் சொன்னார்.

* * *

மேலே கேட்டவருக்கு: கத்தி முனையில் எடுக்கிற அளவு போதும். நன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள், ஈரம் இருக்கவே கூடாது. தூவியதும் சுடரில் காட்டி முதலில் உள்ளே அழுந்த விடுங்கள், பிறகு தெளிந்த கண்ணாடியை மெல்லிய அடுக்காகச் சுற்றுங்கள். சாம்பல் முனைவரை போகாமல் நடுவில் மட்டும் இருந்தால் ஓரம் நன்றாகப் பிடிக்கும். ஒரு நாளில் ஒரே ஒருவருடைய சாம்பல். அடுத்தவருடையதை எடுப்பதற்கு முன் உருட்டும் தட்டு, சல்லடை எல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், மிச்சத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.