புதுப்பிப்பு: சிறிய மார்பும் தாய்ப்பாலும்

மார்பு சிறியதாயிற்றே, பால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் விசாரித்தீர்கள். மகள் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறாள். எடையும் சீராக ஏறுகிறது.

மார்பின் அளவு பெரும்பாலும் கொழுப்பைப் பொறுத்தது. பால் சுரப்பதோ சுரப்பித் திசுவில். சிலருக்கு ஒரு வேளைக்குத் தேங்கும் பால் குறைவு, அதனால் அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும். பச்சிளம் குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிப்பது இயல்புதான். (பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் உறவினர்களுக்கு இது புரியாது.)

எங்களுக்குக் கைகொடுத்தது பிடிமானம், அதாவது குழந்தை மார்பைக் கவ்வும் விதம். காம்பை மட்டும் கவ்வாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வ வேண்டும். கீழுதடு வெளியே மடங்கி, மோவாய் மார்பில் பதிய வேண்டும். அப்படிப் பிடித்த பிறகுதான் விழுங்கும் சத்தமே கேட்டது. முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழிக்கிறாளா என்று பார்க்கச் செவிலியர் சொன்னார். எடை ஏறாவிட்டால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.