வாடகை வீடு யார் பெயரில் இருக்க வேண்டும்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

அண்ணாநகர் வாசி எழுதியது:

நண்பர் ஒருவரின் தந்தை தம் வீட்டை அவருக்குச் செட்டில்மென்ட் (விலை வாங்காமல் சொத்தை இப்போதே மாற்றித் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்தபோது சாட்சிக் கையெழுத்துக்காக நானும் போயிருந்தேன். கீழே இரண்டும் மேலே இரண்டுமாக நான்கு குடித்தனங்கள் உள்ள வீடு அது. பெரியவருக்கு ஓய்வூதியம் கிடையாது. அந்த வாடகையில்தான் அவர் காலம் ஓடுகிறது. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாயைத் தாண்டாது, பதிவுக் கட்டணமும் 10,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்பதால், இப்போதே முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள்.

சார்பதிவாளர் பத்திரத்தைப் படித்துவிட்டுப் பெரியவரிடம், "ஐயா, இனி வாடகை உங்களுக்குச் சேராது, மகனுக்குத்தான் சேரும், தெரிந்துதான் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். பெரியவர் திரும்பி மகனின் முகத்தைப் பார்த்தார். மகன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்துப் பெரியவர் "தெரியும்" என்று சொல்லிக் கைரேகை வைத்தார். தம் ஆயுள் உள்ளவரை வாடகையைத் தாமே பெற்று அனுபவிப்பதாக ஒரு வரி சேர்த்திருந்தால் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகியிருக்காது. அந்த வரி ஏன் எழுதப்படவில்லை என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

கோவை சகோதரி எழுதியது:

என் தங்கையும் அவள் கணவரும் இருவர் பெயரிலும் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். முதல் ஆண்டுக் கணக்கை முடிக்க ஆடிட்டரிடம் போனபோது நானும் உடன் இருந்தேன். அவர் பத்திரத்தைத் தங்கையின் பக்கம் திருப்பி வைத்து, "இதில் உங்கள் பணம் எவ்வளவு அம்மா?" என்று கேட்டார். எங்கள் அம்மா போட்ட நகைகளை விற்றுத்தான் முன்பணமே கொடுத்தார்கள். ஆனால் நகைக்கடை கொடுத்த பணம் கணவரின் வங்கிக் கணக்கில் போடப்பட்டு, அங்கிருந்து விற்றவருக்குப் போயிருந்தது. ரசீதை யாரும் எடுத்து வைக்கவில்லை. மனைவி தம் பணம் போட்டதற்குச் சான்று இல்லாவிட்டால் அவர் பங்கு வாடகையும் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும் என்று ஆடிட்டர் விளக்கினார். பத்திரத்தில் பாதி அவளுடையது என்பது மாறாது. வரிக் கணக்கில் மட்டும் அந்தப் பாதி கணவருடையதாகிவிடுகிறது. தங்கை அந்த அறையில் வேறு எதுவும் பேசவில்லை. நகை விற்ற பணம் முதலில் மனைவியின் கணக்கில் ஏற வேண்டும் என்பதை வீடு வாங்கும் ஒவ்வொரு தம்பதியரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கியாளர் எழுதியது:

அண்ணாநகர் நண்பர் ஒரு வரியைப் பற்றி வருந்துகிறார். என் கருத்தில் உயிரோடு இருக்கும்போது செட்டில்மென்ட் எழுதியதே தவறு. உயில்தான் சரியான வழி. உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வாடகையும் கையை விட்டுப் போகாது.

உயிலும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை என் அண்ணன் வீட்டில் பார்த்தேன். அவர் இறந்தபின் மூன்று பிள்ளைகளுக்கும் பிரிக்கப்படாத பங்கு வந்தது. வாடகை வாங்கப் போன மூத்தவளிடம் கடைக்காரர், "உங்கள் மூவருக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள், அதுவரை யாரிடம் கொடுப்பது?" என்று சொல்லிக் கல்லாவைச் சாத்தினார். சட்டம் அவர் பக்கம் இல்லை. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் தனியாகவே குடியிருப்பவரைக் காலி செய்யக் கோரி வழக்குத் தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே தீர்ப்பளித்துவிட்டது. மற்ற பங்காளிகள் மறுப்புச் சொல்லாத வரையில் அவர்களும் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். ஆனால் வாடகை பாக்கி நிற்கும்போது வழக்கறிஞரைத் தேடி ஓடுவதற்குக் குடும்பத்தில் யாருக்கும் மனம் வருவதில்லை.

ஆகவே பங்காளிகள் எல்லோருக்கும் சொல்கிறேன். வாடகை விழுவதற்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் யார், பழுது பார்க்கும் செலவை முடிவு செய்பவர் யார், சொத்து வரி கட்டுபவர் யார் என்பதை உங்களுக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பங்கு இவ்வளவு என்று திட்டமாக இருந்தால் ஒவ்வொருவரும் தம் பங்கு வாடகைக்கு மட்டும் தனித்தனியாக வரி கட்டினால் போதும். 30 சதவீத நிலைக்கழிவும் (செலவுக் கணக்குக் காட்டாமலே வாடகையில் கழித்துக்கொள்ளும் தொகை) அவரவர் பங்குக்குக் கிடைக்கும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவும் வேண்டும். வாய்ப்பேச்சில் குடிவைத்துப் பத்து மாத முன்பணம் வாங்கிய பழைய வழக்கத்தை நம்பி இனி எந்தப் பங்காளியும் இறங்கக் கூடாது. பரம்பரைச் சொத்தாக இருந்தால் எச்யூஎஃப் (வரிக் கணக்கில் தனி நபர்போல் கொள்ளப்படும் இந்துக் கூட்டுக் குடும்பம்) ஒன்றை உருவாக்கி அதன் பெயரில் வைப்பதையும் யோசியுங்கள். தனி பான் எண், தனி வரி விலக்கு வரம்பு எல்லாம் கிடைக்கும். வீட்டுக் கடன் இருந்தால் இவற்றையெல்லாம் செய்வதற்கு முன் வங்கியின் ஒப்புதலைப் பெற மறந்துவிடாதீர்கள்.

உறையூர் எழுதியது:

வங்கியாளர் ஐயா கடைசியில் சொன்ன எச்யூஎஃப் யோசனையை நம்பி யாரும் இறங்கிவிட வேண்டாம். தந்தையின் சொந்தச் சொத்து 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு வந்தால் அது மகனின் தனிச்சொத்தே என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் தெளிவாக்கியது. தாத்தா வீடு என்பதனாலேயே அது எச்யூஎஃப் சொத்து ஆகிவிடாது. ஒருவர் தம் சொந்த வீட்டைக் குடும்பப் பொதுவில் சேர்த்தாலும் அதன் வருமானம் அவருடைய கணக்கிலேயே சேர்க்கப்படும்; பான் எண்தான் ஒன்று கூடும்.

நான் எழுத வந்தது வேறு. என் மைத்துனர் கடைத்தெருவில் உள்ள ஒரு கட்டடத்தைத் தம் மகள் பெயரில் வாங்கினார். மகளுக்கு அப்போது பத்து வயது. ஒரு மருத்துவ ஆய்வகத்தார் ஒன்பது ஆண்டுக் குத்தகைக்கு, அவர் எதிர்பார்த்ததைவிட நல்ல வாடகையுடன் வந்தார்கள். அவர்களுடைய வழக்கறிஞர் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உரிமையாளரின் பிறந்த தேதியில் விரலை வைத்து, "நீதிமன்ற அனுமதி எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மைனர் சொத்தை இயற்கைப் பாதுகாவலர் (தந்தை அல்லது தாய்) ஐந்து ஆண்டுகளுக்கு மேலோ, பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்து ஓராண்டைத் தாண்டியோ குத்தகைக்கு விட வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். விற்பதற்கும் அப்படியே. அனுமதியின்றிச் செய்ததைப் பிள்ளை பின்னாளில் ரத்து செய்யக் கோரலாம் என்பதால் ஆய்வகத்தார் அன்றே விலகிக்கொண்டார்கள். இதில் வரியாவது மிச்சமா என்றால் அதுவும் இல்லை. மைனரின் வாடகை வருமானம் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரோடு சேர்ந்துவிடுகிறது.

வேளச்சேரி குடித்தனம் எழுதியது:

நீங்கள் எல்லோரும் உரிமையாளர் பக்கமிருந்து பேசுகிறீர்கள். நான் வாடகைக்கு இருப்பவன். எங்கள் வீட்டுக்காரர் வீட்டை ஷார்ஜாவில் உள்ள மகன் பெயருக்கு எழுதிவிட்டு, "வாடகையை இனி தம்பி கணக்கில் போடுங்கள்" என்று மட்டும் சொன்னார். அலுவலகத்தில் வீட்டு வாடகைச் சலுகைக்காகப் புதிய பான் எண்ணைக் கொடுத்தபோது கணக்குப் பிரிவு அம்மா, "இவர் வெளிநாட்டில் இருப்பவர் ஆயிற்றே, நீங்கள் வரி பிடித்தீர்களா சார்?" என்று கேட்டார். இந்தியாவில் வசிப்பவருக்குத் தருவதாக இருந்தால் மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் குடியிருப்பவர் வரி பிடிக்க வேண்டும், அதுவும் 2 சதவீதம்தான். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் அந்த வரம்பு கிடையாது. குறைந்த விகிதத்துக்கான சான்றிதழை அவர் வாங்கித் தராவிட்டால் 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும், அதற்கு டான் எண்ணும் (வரி பிடிப்பவருக்கான எண்) வாங்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வட்டியோடு பொறுப்பு என் தலையில்தான். பத்திரம் பதிவானதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெயர் மாற்றம் குடும்ப விஷயம் என்று நினைப்பவர்கள் அந்த வீட்டில் குடியிருப்பவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதுரை மேலமாசி வீதி எழுதியது:

இத்தனை சிக்கலுக்கும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம்தான் தீர்வு என்று எங்கள் பகுதியில் பலரும் சொல்கிறார்கள். என் பங்குதாரரும் தம் மூன்று வீடுகளை அப்படி மாற்றத் தயாராக இருந்தார். வாடகைக்கு விடுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட நிறுவனத்துக்கு வாடகை தொழில் வருமானமே என்று சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்ன தீர்ப்பை ஒருவர் அச்செடுத்தே கொடுத்திருந்தார். பத்திர எழுத்தர் ஒரு தாளில் கணக்குப் போட்டு நீட்டியபோதுதான் பேச்சு நின்றது. நிறுவனம் குடும்ப உறுப்பினர் அல்ல என்பதால் செட்டில்மென்ட் சலுகை கிடையாது. கிரயமாகவே எழுத வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அவரவர் வீட்டுக்கு அவரவரே மறுபடி விலை கொடுப்பதற்குச் சமம் அது.

உறையூர் எழுதியது:

மேலமாசி வீதி நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த 2015 தீர்ப்பை இப்போது குடியிருப்பு வீடுகளுக்குக் காட்ட முடியாது. 2024-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், குடியிருப்பு வீட்டு வாடகையை வீட்டுச் சொத்து வருமானமாக மட்டுமே காட்ட வேண்டும் என்று திருத்திவிட்டது. தேய்மானம், மேலாளர் சம்பளம் என்று கழிக்க நினைத்தவர்களுக்கு கட்டிய சொத்து வரியும் 30 சதவீத நிலைக்கழிவும் கடன் வட்டியும்தான் மிஞ்சும். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இந்தத் திருத்தம் பொருந்தாது.

அண்ணாநகர் நண்பருக்கும் ஒரு செய்தி. பராமரிப்பதாக ஏற்றுச் சொத்தை வாங்கிய பிள்ளை பராமரிக்கவில்லை என்றால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி பெரியவர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துச் செட்டில்மென்டை ரத்து செய்யக் கோரலாம். அந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியிருக்கிறது. ஆனால் பராமரிப்பு நிபந்தனை பத்திரத்திலேயே இல்லை என்றால் மகன் தரப்பு அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டும். மகன் இப்போது இணக்கமாக இருந்தால், தந்தையின் ஆயுட்கால வாடகை உரிமையை ஒப்புக்கொண்டு தனிப் பத்திரம் ஒன்றை அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து தரச் சொல்லுங்கள்.