தொழில்நுட்பத்தையும் சமூகத்தையும் பற்றிய நூல்களில் எவற்றை நம்பி வாசிக்கலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அறிவியலும் தொழில்நுட்பமும் மனித வாழ்க்கையை எப்படி மாற்றின என்று பேசும் நூல்களை இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு கண்டுபிடிப்பாளரைக் கதாநாயகனாக நிறுத்தி அவரால் உலகமே புரண்டுவிட்டது என்கின்றன. இல்லையென்றால், இயந்திரங்கள் நம்மை விழுங்கிவிடும் என்று முதல் பக்கத்திலிருந்தே அச்சுறுத்துகின்றன. சென்ற மாதம் வாசித்த ஒரு நூல், அச்சு இயந்திரம் வந்தது, அதனால் ஐரோப்பாவில் மதச் சீர்திருத்தம் வந்தது என்று ஒரே பத்தியில் முடித்துக்கொண்டது. அச்சிட்டவர்கள் யார், பணம் போட்டவர்கள் யார், எழுத்தறிவு இல்லாத பெரும்பான்மையினரிடம் அந்தக் கருத்துகள் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தன என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சாதாரண மனிதர்களின் அன்றாடத்துக்குள் புகுந்து பார்க்கும் நூல் ஏதேனும் உண்டா? அறிவியல் பின்புலம் இல்லாத என்னைப் போன்ற வாசகர், ஒரு நூல் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் மறுமொழி

உங்கள் முதல் கேள்விக்குத் தயங்காமல் ஒரு நூலைச் சொல்வேன்: ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட 'மோர் வொர்க் ஃபார் மதர்'. அம்மாவுக்குக் கூடுதல் வேலை என்பது அந்தத் தலைப்பின் பொருள். அமெரிக்க வீடுகளுக்குள் அடுப்பு, குழாய்நீர், மின்சாரம், சலவை இயந்திரம் ஆகியவை வந்த வரலாற்றை எழுதும் கோவன், இத்தனை கருவிகள் வந்த பிறகும் இல்லத்தரசியின் வேலைநேரம் ஏன் குறையவில்லை என்று கேட்கிறார்.

அவர் தரும் விளக்கத்தை இரும்பு அடுப்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். திறந்த கணப்பில் சமைத்த காலத்தில் மலைபோல் விறகு வேண்டியிருந்தது. அதை வெட்டிப் பிளந்து சுமந்து வந்தவர்கள் ஆண்கள். இரும்பு அடுப்பு விறகின் தேவையைப் பெருமளவு குறைத்ததால் ஆண்களின் உழைப்பு மிஞ்சியது. பெண்ணுக்கோ, ஒரே பானையில் எல்லாவற்றையும் போட்டு வேகவைத்த பழக்கம் போய், ஒரே நேரத்தில் வேகவைப்பதும் வறுப்பதும் அப்பம் சுடுவதுமாகச் சமையல் விரிந்தது. போதாக்குறைக்கு, அடுப்பு துருப்பிடிக்காமல் இருக்க அதற்குக் கறுப்பு மெருகு பூசித் தேய்ப்பதும் அவள் தலையில் விழுந்தது. மாவு அரைக்கும் ஆலையின் கதையும் இதுவேதான்: மக்காச்சோளத்தை உரித்து அரைத்த ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் வேலை குறைந்தது, ஆலையிலிருந்து வந்த வெள்ளை மாவைப் பிசைந்து புளிக்கவைத்து ரொட்டி சுடும் வேலை பெண்ணுக்குக் கூடியது.

சலவை இயந்திரத்தைப் பற்றிய பகுதியை வாசித்த வாரத்தில் எங்கள் வீட்டு அழுக்குக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே ஒரு முறை உடுத்திய துணிகள், அவற்றில் கறை என்று சொல்ல ஒன்றுமில்லை. கையால் துவைத்த காலத்தில் இவற்றை யாரும் துவைக்கப் போட்டிருக்க மாட்டார்கள். கருவி வேலையைக் குறைக்கும்போதே சுத்தம் என்பதன் அளவுகோலையும் உயர்த்திவிடுகிறது என்ற கோவனின் வாதம் அந்தக் கூடையிலேயே இருந்தது.

எரிவாயுவில் இயங்கிய குளிர்சாதனப் பெட்டி ஏன் மின்சாரப் பெட்டியிடம் தோற்றது என்ற பகுதியைத் தவற விடாதீர்கள். அங்கே சந்தையில் வென்றது பொறியியல் மட்டும் அன்று. பெரிய நிறுவனங்களின் பண பலமும் விளம்பர வலிமையும்தான் என்று அவர் காட்டுகிறார்.

இரண்டாம் மறுமொழி

நான் உங்கள் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நூலில் எந்தக் கதை உங்களை உடனே கவர்கிறதோ, அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

லாங்டன் வின்னர் 1980இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கருவிகளுக்கும் கட்டுமானங்களுக்கும் அரசியல் உண்டா என்று கேட்கிறது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில், அங்கே சாலைகளையும் பூங்காக்களையும் திட்டமிட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் கட்டிய சாலைப் பாலங்கள் பேருந்து நுழைய முடியாதபடி தாழ்வாக அமைக்கப்பட்டன, அதன்மூலம் ஏழைகளும் கறுப்பின மக்களும் கடற்கரைப் பூங்காவுக்கு வருவது தடுக்கப்பட்டது என்று அதில் வருகிறது. கல்லிலும் இரும்பிலும் பாகுபாட்டைக் கட்டி வைத்தார்கள் என்ற சித்திரம் யாரையும் உலுக்கும். அதை எத்தனையோ நூல்கள் அப்படியே எடுத்து எழுதியிருக்கின்றன. ஆனால் பெர்ன்வார்ட் யோர்கெஸ் 1999இல் எழுதிய கட்டுரை, அந்தச் சாலைகளில் பேருந்துகளுக்கு ஏற்கெனவே சட்டப்படி அனுமதி இல்லை என்பதையும், அந்தப் பூங்காவுக்கு வேறு சாலைகளும் இருந்தன என்பதையும் எடுத்துக்காட்டிய பிறகு, அந்தக் கதையை முன்போல் சொல்ல முடியாது. நான் அதை முழுமையாக நம்பி நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருந்தேன் என்பதால், யோர்கெஸின் கட்டுரை என்னை மிகவும் வருத்தியது.

ஆகவே நூலின் கடைசிப் பக்கங்களை முதலில் புரட்டுங்கள். பூச்சிக்கொல்லிகளின் தீங்கைப் பேசும் 'சைலண்ட் ஸ்பிரிங்' நூலை ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்டபோது பூச்சிக்கொல்லி நிறுவனங்கள் கடுமையாகத் தாக்கின; அவரோ தம் கூற்றுகளுக்கான சான்றுகளை 50 பக்கங்களுக்கு மேல் நூலின் முடிவில் அடுக்கி வைத்திருந்தார். இரசாயனங்களை அறவே பயன்படுத்தக் கூடாது என்று தாம் வாதிடவில்லை என்பதையும் நூலுக்குள்ளேயே தெளிவாக எழுதினார். தன் வாதத்தின் எல்லையைத் தானே வரைந்து காட்டும் ஆசிரியரை நான் கூடுதலாக நம்புகிறேன்.

மூன்றாம் மறுமொழி

மேலே சொன்னதில் பாலங்களைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் அதற்காக வின்னரின் கட்டுரையை ஒதுக்கிவிட வேண்டாம். அதே கட்டுரையில் கலிபோர்னியாவின் தக்காளி அறுவடை இயந்திரம் வருகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் உருவாக்கிய அந்த இயந்திரம் செடியை வெட்டி உலுக்கிப் பழங்களைப் பிரித்தெடுத்தது. உலுக்கலைத் தாங்க வேண்டும் என்பதற்காக, சுவை குறைந்தாலும் தோல் கெட்டியான தக்காளி வகைகளை உருவாக்கினார்கள். ஒவ்வோர் இயந்திரத்தின் விலையும் 50,000 டாலருக்கு மேல் இருந்ததால் பெரிய பண்ணைகளால் மட்டுமே வாங்க முடிந்தது. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 4,000 ஆக இருந்த தக்காளி விவசாயிகளின் எண்ணிக்கை 1973இல் சுமார் 600 ஆகச் சுருங்கியது என்கிறார் வின்னர். இங்கே எவரும் சதி செய்யவில்லை. பொதுநிறுவனம் ஒன்றின் ஆய்வு, தன் போக்கிலேயே, ஏற்கெனவே வலுவாக இருந்தவர்களின் பக்கம் சாய்ந்தது. பாலங்களைவிட எனக்கு இதுவே பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய அச்சமூட்டும் நூல்களால் சலித்தவர் என்றால், ஜோசப் வைஸன்பாம் 1976இல் எழுதிய 'கம்ப்யூட்டர் பவர் அண்ட் ஹியூமன் ரீசன்' நூலை வாசியுங்கள். மனநல மருத்துவர்போல் உரையாடும் எலிசா என்ற கணினி நிரலை 1966இல் வெளியிட்டவர் அவரே. பல மாதங்களாக அதை அவர் எழுதுவதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளர், அது வெறும் நிரல்தான் என்று நன்றாக அறிந்தவர், ஒருநாள் அதனோடு சில வரிகள் தட்டச்சிட்டதும், தனியாகப் பேச வேண்டும், சற்று வெளியே இருங்கள் என்று வைஸன்பாமிடமே கேட்டுக்கொண்டார். நிரல் எழுதியவரே அதைக் கண்டு கலங்கி எழுதிய நூல் என்பதால் அதன் கவலைக்கு வேறொரு எடை இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோவனின் நூலில் தொடங்குகிறேன். வின்னரையும் யோர்கெஸையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வாசிக்க எண்ணியிருக்கிறேன். தக்காளி இயந்திரத்தைப் பற்றி அந்தப் பல்கலைக்கழகத்துத் தரப்பு என்ன சொன்னது என்பதையும் தேடிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.